கண்ணுக்கு எட்டாததைத் திரையில் காட்டியவர்கள்

பெங்களூருவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஆண்டுகளில் எத்தனை முறை கரும்பலகையில் உயிரணுவை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வெள்ளைச் சாக்பீஸில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் சிவப்பில் ஒரு சின்ன வட்டம். "இதுதான் செல், நடுவிலே இருக்கிறது நியூக்ளியஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஓராண்டு அரைப்பரீட்சை விடைத்தாளில் ஒரு மாணவி, செல் தோசை போலத் தட்டையாக இருக்கும் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன். இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் தப்பாக எழுதவில்லை. நான் வரைந்ததைத்தான் எழுதியிருக்கிறாள்.

இது நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சென்ற ஆண்டு, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கைப்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நீளமான ஒரு கம்பியின் மேல் இரண்டு கால் கொண்ட ஏதோ ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையைத் தலையில் சுமந்தபடி, மூட்டை தூக்கும் தொழிலாளி மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்து போகிறது. உயிரணுவுக்குள்ளே நடப்பதாம்!

"இதை யாரு தாத்தா கேமரா வெச்சு எடுத்தாங்க?"

"யாரும் எடுக்கலை கண்ணு. கம்ப்யூட்டர்ல வரைஞ்சது."

"அப்போ பொய்யா?"

பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. முழுக்க உண்மை என்று சொல்லவும் நா எழவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்களே, அப்படித் தீர விசாரித்துப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. விசாரிக்கப் போனால் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்று விரிகிறது. அதில் நம்மவர் இருவருக்கும் இடம் இருக்கிறது.

அசைவு தெரிந்தது, மூலக்கூறு தெரியவில்லை

1665-இல் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக், தக்கையை மெல்லிய சீவலாகச் சீவித் தன் நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் 'செல்'. அவர் பார்த்தது உயிர் போன பின் எஞ்சிய வெற்றுச் சுவர்களை. அடுத்த சில ஆண்டுகளில் ஹாலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லை வழியாகக் குளத்து நீரில் துள்ளித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். ஆகவே நுண்ணுலகம் அசைகிறது என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் பார்த்ததைப் பிறருக்குக் காட்டக் கையால் வரைந்த சித்திரத்தை விட்டால் வேறு வழியில்லை. சித்திரம் அசையாதே!

அசைவைப் பிடிக்க சினிமா வரவேண்டியிருந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் கோமாந்தோன், பாத்தே சினிமா நிறுவனத்தின் உதவியுடன் படக்கருவியை நுண்ணோக்கியோடு இணைத்து, மேகநோயை உண்டாக்கும் சுருள் வடிவக் கிருமிகள் நெளிவதைப் படம் பிடித்தார். 1909-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தார் முன் அது காட்டப்பட்டது. பிறகு 1950-களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் என்பவர் எடுத்த சிறு படம் இன்றுவரை உலகப் புகழோடு இருக்கிறது. சிவப்பணுக்களின் நெரிசலுக்கு நடுவே ஒரு வெள்ளையணு, ஓடும் பாக்டீரியாவை வளைத்து வளைத்துத் துரத்திக் கடைசியில் விழுங்கிவிடும். பூனை எலியைத் துரத்துவது போலவே இருக்கும். அதில் வரைந்தது ஒன்றும் இல்லை. அத்தனையும் நிஜம்.

ஆனால் அந்த வெள்ளையணுவுக்குள் எது எதைத் தள்ளுகிறது, எது எதை இழுக்கிறது என்பதை அந்தப் படம் காட்டாது. காரணம் கருவியின் குறை அல்ல, ஒளியின் குணம். ஒளி ஓர் அலை. அந்த அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது என்று 1873-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே நிறுவினார். கணக்குப் பார்த்தால் எல்லை ஏறக்குறைய 200 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறு சுமார் 5 நானோமீட்டர்தான்.

இந்த அளவு மனதில் நிற்க ஒரு கணக்குச் சொல்கிறேன். எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கினால் ஒரு ஹீமோகுளோபின் ஓர் உளுந்து அளவுக்கு வரும். அதைச் சுமக்கும் சிவப்பணு ஏழரை மீட்டர் அகலத்துக்கு, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மேடை அளவுக்கு வரும். அந்த மேடைக்குள் சுமார் 27 கோடி உளுந்துகள் அடைந்து கிடக்கும். ராஜர்ஸின் படம் மேடையைக் காட்டியது. உளுந்தைக் காட்ட அதனால் ஆகாது.

மூலக்கூறு தெரிந்தது, அசைவு தெரியவில்லை

உளுந்தைக் காண வேறு பாதை ஒன்று திறந்தது. எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுக்களின் இடைவெளியை ஒத்தது. ஒரு பொருளைப் படிகமாக்கி அதன் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், தகட்டில் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளின் இடத்தையும் அழுத்தத்தையும் வைத்துக் கணக்கிட்டால் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லலாம். இதில் யாரும் எதையும் 'பார்ப்பது' இல்லை. கோலத்தைப் பார்த்துவிட்டுக் கோலம் போட்டவரின் கையை ஊகிப்பது போன்ற வேலை.

இந்த வழியில் கேம்பிரிட்ஜின் ஜான் கெண்ட்ரூ, தசையில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை 1958-இல் முதன்முதலாக வெளியிட்டார். அழகான, சீரான ஒரு வடிவத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். குடல் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது அது. 1960-இல் இன்னும் நுணுக்கமான அளவீடு கிடைத்ததும், சுமார் 2,500 கம்பிகளைச் செங்குத்தாக நட்டு, அவற்றில் வண்ணக் கிளிப்புகளை மாட்டி, அறையை அடைக்கும் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். கம்பிக் காட்டுக்கு நடுவே புரதத்தைத் தேட வேண்டியிருந்தது! 1961-இல் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழுக்காக இர்விங் கெய்ஸ் என்ற ஓவியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து, அந்தக் காட்டிலிருந்து மூலக்கூறை மட்டும் எடுத்து, உள்ளிருந்து ஒளி வீசுவது போல வண்ணத்தில் தீட்டினார். புரதத்தின் உருவம் பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது அந்தத் தூரிகை வழியாகத்தான்.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியே ஆக வேண்டும். கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெயரில் தமிழ் ஊரைச் சுமந்துகொண்டு, தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்தவர். நம்மில் பலருடைய கதைதான். பெங்களூருவில் சர் சி.வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடாத புதிர். கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனின் எக்ஸ் கதிர்ப் படத்தை வைத்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தாவும் அவரும் பந்தும் குச்சியுமாக மாதிரிகள் கட்டிப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகள் சேர்ந்த சுருள் என்ற விடை 1954-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அந்த விடை எக்ஸ் கதிர்ப் படத்தோடு முழுக்கப் பொருந்தவில்லை. அதை மூடி மறைக்காமல் அவர்களே அடுத்த ஆண்டு திருத்தினார்கள். நிலா பூமியைச் சுற்றி வரும்போது தன் ஒரே முகத்தைத்தான் எப்போதும் பூமிக்குக் காட்டுகிறது. அதைப் போல ஒவ்வொரு சங்கிலியும் தானும் திரும்பிக்கொண்டு மற்ற இரண்டையும் சுற்றிப் பின்ன வேண்டும் என்று இராமச்சந்திரனுக்குத் தோன்றியது. 1955-இல் வந்த முப்புரிச் சுருள் மாதிரி அது. உடனே எதிர்ப்பும் வந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றனவே என்றார்கள். சங்கிலிகளைக் கட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் சொன்னதே பின்னாளில் சரியாயிற்று.

வேறொருவராக இருந்தால் கோபத்தோடு பதில் எழுதிவிட்டுப் போயிருப்பார். இராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக மாற்றிக்கொண்டார். அப்படியானால் புரதச் சங்கிலியில் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை அளக்கப்பட்டிருந்த படிக அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு கட்டத்தில் வரைந்தார்கள். 1963-இல் வெளியான அதுதான் 'இராமச்சந்திரன் வரைபடம்'. இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைச் சொன்னாலும், அது சரிதானா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். என் பேத்தி காட்டிய படத்தில் நடந்து போன அந்த இரண்டு கால் ஆளின் உருவமும் இப்படி அளந்தறிந்த அமைப்புகளிலிருந்து வந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் பெங்களூரு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். நான் அந்த வளாகத்தின் வாசலைப் பேருந்தில் கடந்து போகாத வாரம் இல்லை. ஆனாலும் வகுப்பில் அவர் பெயரை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை, சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ் கதிர் தரும் வடிவம் படிகத்தில் அடுக்கி வைத்த கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரி. அசையாத வடிவம். ஆக, நுண்ணோக்கிச் சினிமாவில் அசைவு இருந்தது, மூலக்கூறு இல்லை. எக்ஸ் கதிரில் மூலக்கூறு இருந்தது, அசைவு இல்லை. இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும் என்ற தாகம்தான் அறிவியல் அனிமேஷனைப் பெற்றெடுத்தது.

புல்வெளியில் ஒரு ரைபோசோம்

மூலக்கூறைக் கணினித் திரையில் முதலில் சுழற்றியவர் எம்.ஐ.டி.யின் சைரஸ் லெவிந்தால். 1960-களின் நடுவில், வெறும் கோடுகளால் ஆன புரத உருவத்தைத் திரையில் வரவழைத்து, கையடக்கமான ஓர் உருண்டையைத் திருப்பினால் படமும் திரும்பும்படி செய்தார். நிற்கும்போது அது கிறுக்கிய கோட்டுக் குவியல். சுழலத் தொடங்கியதும் எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபட்டது. அசைவு அங்கே அலங்காரத்துக்காக வரவில்லை, தட்டையான திரையில் ஆழத்தைக் காட்ட வந்தது. என் கரும்பலகை வட்டத்துக்கு இல்லாமல் போனது அதுதான்.

கணினி எல்லோர் கைக்கும் வராத அந்த நாளில் வேறு ஒரு முயற்சியும் நடந்தது. கேட்டால் சிரிப்பு வரும். 1971-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், உயிரணு புரதம் தயாரிக்கும் முறையை மனிதர்களையே ஆடவிட்டுப் படமாக்கினார்கள். இயக்கியவர் ராபர்ட் ஆலன் வைஸ். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பால் பெர்க் தொடக்கத்தில் கரும்பலகை முன் நின்று விளக்கம் சொல்கிறார். பிறகு திறந்தவெளிப் புல்தரையில் மாணவர் கூட்டம். செய்தி ஆர்.என்.ஏ.யாக ஒரு வரிசை, ரைபோசோமாக ஒரு கும்பல். கைகோத்து, உருண்டு, துள்ளி ஆடுகிறார்கள். நம் ஊர்த் தெருக்கூத்தில் ஒருவர் வந்து நின்று இதுதான் கோட்டை என்றால் நமக்குக் கோட்டை தெரியுமே, அதே கதை. ரைபோசோம் எப்படி இருக்கும் என்று அன்று அணு அணுவாக யாருக்கும் தெரியாது. எனவே அது கும்பலாகவே இருந்ததில் ஒரு நேர்மையும் இருந்தது.

அந்தக் கும்பலுக்கு உருவம் கிடைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் சிறு பகுதியின் நுணுக்கமான அமைப்பை வெளியிட்டவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த வெங்கி இராமகிருஷ்ணன். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதிலேயே பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே படித்து வளர்ந்தவர். தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனாத் ஆகியோருடன் 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று ரைபோசோம் அனிமேஷன் படம் எதை எடுத்தாலும் இவர்கள் அளந்த அணுக்களின் இருப்பிடமே அதற்கு அடித்தளம்.

இந்த இருப்பிடங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் புரதத் தரவு வங்கி, புல்வெளி ஆட்டம் நடந்த அதே 1971-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. 2023-இல் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம். இந்த எண்களுக்குக் கண்ணுக்கு இதமான உருவம் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். ஜேன் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க அம்மையார் 1981-இல் புரதச் சங்கிலியைச் சுருண்ட ரிப்பன்களாகவும் அம்புக்குறிகளாகவும் கையால் வரைந்து காட்டினார். இன்று பாடப் புத்தகங்களில் புரதம் என்றாலே அந்த ரிப்பன்தான். டேவிட் குட்செல் 1990-களின் தொடக்கத்திலிருந்து உயிரணுவின் உட்புறத்தை நீர்வண்ண ஓவியமாகத் தீட்டி வருகிறார். பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கி, அதாவது நம் உளுந்துக் கணக்கில். அவர் ஓவியத்தில் வெற்றிடமே தெரியாது. பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேடு மார்க்கெட் மாதிரி ஒரே நெரிசல்.

இரண்டும் கூடிய இடம்

1990-களில் டைனோசர் படங்களும் பொம்மைப் படங்களும் வந்தபோது, அவற்றுக்காக உருவான மென்பொருள்கள் உயிரியலாளர் கைக்கும் வந்து சேர்ந்தன. தரவு வங்கியிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தை எடுத்து, மென்பொருளில் ஏற்றி, மேலே ஒரு தோலைப் போர்த்தி, வண்ணம் பூசி, ஆய்வுக் கட்டுரைகளில் சொல்லியிருக்கும் முறைப்படி அசைய வைத்து, ஒரு நொடிக்கு 24 அல்லது 30 படமாகக் கணினியை வரைய விட வேண்டும். இந்தக் கலையில் பெரும்பெயர் பெற்றவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள வால்டர் அண்டு எலிசா ஹால் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டுரூ பெர்ரி. உயிரணு ஆய்வாளராகப் பயின்றவர். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் கண்டறியப்பட்ட ஐம்பதாம் ஆண்டான 2003-ஐ ஒட்டி அவர் செய்த படங்களில், டி.என்.ஏ. பிரிந்து படியெடுக்கப்படும் காட்சியைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2010-இல் அவருக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது.

2006-இல் வந்தது 'இன்னர் லைஃப் ஆஃப் த செல்' என்ற எட்டு நிமிடப் படம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அலான் வியெல், ராபர்ட் லூ ஆகியோர் தங்கள் மாணவர்களுக்காகத் திட்டமிட, எக்ஸ்விவோ என்ற நிறுவனம் ஓராண்டுக்கு மேல் உழைத்து உருவாக்கியது. இரத்தக் குழாயின் சுவரில் உருண்டு போகும் வெள்ளையணுவில் தொடங்கி அதன் உள்ளே நம்மை அழைத்துப் போகும். பேத்தி காட்டிய மூட்டை தூக்கி இந்தப் படத்தில் வருபவர்தான். பெயர் கைனெசின். 1985-இல் கணவாய் மீனின் நரம்பில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புரதம். ஓர் அடிக்கு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவழித்து, 8 நானோமீட்டர் தூரம் எட்டு வைக்கும். இரு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துத்தான் நடக்கிறது என்பது 2004-ஐ ஒட்டிய சோதனைகளில் உறுதியாயிற்று. அதாவது நடை கற்பனையல்ல, அளந்து கண்டது.

அழகு சொன்ன பொய்

அப்படியானால் எல்லாம் உண்மைதானா? இல்லை. இங்கேதான் பேத்தியின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

முதலாவது வண்ணம். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. 5 நானோமீட்டர் மூலக்கூறின் மேற்பரப்பில் இது நீலம், அது மஞ்சள் என்று பார்க்க வழியே இல்லை. படத்தில் வரும் வண்ணமெல்லாம் ஓவியர் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது வெற்றிடம். படத்தில் கைனெசின் ஆளில்லாத நெடுஞ்சாலையில் போவது போலப் போகிறது. உண்மையில் உயிரணுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வோர் இடைவெளியையும் அடைத்து நிற்கின்றன. தண்ணீரை வரைந்தால் ஒன்றுமே தெரியாது என்பதால் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, நடையின் நிதானம். 1827-இல் தாவரவியலாளர் இராபர்ட் பிரௌன் நீரில் மகரந்தத்தினின்று வந்த துகள்கள் ஓயாமல் தத்தளிப்பதைப் பார்த்தார். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் வரும் தத்தளிப்பு அது. கைனெசினுக்கும் அதே கதிதான். தூக்கிய கால் காற்றில் பறக்கும் துணி போல அங்கும் இங்கும் அலைந்து, அடுத்த பிடிமானம் தட்டுப்பட்டதும் ஒட்டிக்கொள்கிறது. அது தீர்மானித்து எட்டு வைப்பதில்லை. இடிபடுவதையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு முன்னேறுகிறது.

இது சின்ன விஷயம் இல்லை, பாருங்கள். நிதானமாக நடக்கும் கைனெசினைப் பார்க்கும் பிள்ளை, மூலக்கூறுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும் என நினைத்துக்கொள்ளும். என் வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தோசை என்று எழுதிய பெண்ணைப் போலத்தான். படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ, அதிலுள்ள பிழை அவ்வளவு ஆழமாகப் பதியும்.

மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், படத்தை உருவாக்கியவர்களே இதை உணர்ந்தார்கள். ஹார்வர்டு குழுவினர் 2013-இல் வெளியிட்ட அடுத்த படத்தில் நெரிசலைக் காட்டினார்கள். கைனெசின் இடிபட்டு, தத்தளித்துப் போவதைக் காட்டினார்கள். தொண்டையைக் கட்டும் அழகு முதல் படத்தில்தான் அதிகம். ஆனால் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பது இரண்டாவது. 1954-இல் வெளியிட்டதை 1955-இல் திருத்திய இராமச்சந்திரன் இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். அவர் 2001-இல் காலமாகிவிட்டார்.

இடையே 2010-இல் இன்னொன்றும் நடந்தது. ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஆண்டோவின் குழு, ஒளியை நம்பாமல், மிக நுண்ணிய ஊசிமுனையால் மேற்பரப்பை விரைந்து தடவித் தடவி உருவம் எடுக்கும் கருவியைக் கொண்டு, மயோசின் ஐந்து என்ற வேறொரு நடக்கும் புரதத்தை நொடிக்கு ஏழு படம் அளவில் பிடித்தது. தெளிவில்லாத, புள்ளி புள்ளியான படம்தான். ஆனால் அது வரைந்ததல்ல. இரண்டு கால்களும் மாறி மாறி முன்னே விழுவது கண்கூடாகத் தெரிகிறது. மூலக்கூறும் அசைவும் நிஜமாகவே ஒரே படத்தில் கூடிவிட்டன.

பேத்திக்குச் சொன்ன பதில்

2020-இல் பெருந்தொற்று வந்தபோது நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒரே படத்தைத்தான் மாதக்கணக்கில் பார்த்தோம். சாம்பல் நிற உருண்டை, அதன் மேல் சிவப்பு முட்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஓவியர்கள் அலிசா எக்கர்ட், டான் ஹிக்கின்ஸ் இருவரும் அந்த ஆண்டு ஜனவரியில் உருவாக்கியது. முட்களின் வடிவம் அளவீடுகளிலிருந்து வந்தது. சிவப்பு, எச்சரிக்கைக்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது. கிருமிக்கு முகம் கொடுத்ததால் மக்கள் அதை நம்பினார்கள், முகக்கவசம் போட்டார்கள். அதே நாளில் தடுப்பூசியைப் பற்றி அனிமேஷன் வேஷம் போட்டு வந்த பொய்ப் படங்களும் நம் குடும்பக் குழுக்களில் சுற்றின. எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "படத்துல போட்டுக் காட்டுறாங்களே, நீ என்ன இல்லைங்கறே?" என்பார். படம் பார்க்கத் தெரிவது இன்று உயிர் காக்கும் கல்வி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதனால் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு அந்த எட்டு நிமிடப் படத்தை மறுபடி ஓடவிட்டேன். "பொய்யும் இல்லை, போட்டோவும் இல்லை கண்ணு. மூணு கேள்வி கேளு. இதுல எதை அளந்து பார்த்துச் சொல்றாங்க? எதை ஊகிச்சுச் சொல்றாங்க? எதைக் கண்ணுக்கு அழகா இருக்கட்டும்னு சேர்த்திருக்காங்க?" என்றேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வடிவம் அளந்தது. எட்டு வைக்கும் தூரம் அளந்தது. வண்ணம் சேர்த்தது. தண்ணீரை விட்டுவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டாள். நடுப் பத்திதான் நீண்டுகொண்டே போனது.

நம் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் அறிவியல் படிக்கிறார்கள். படிக்கட்டும். அந்தப் படங்களை அவர்களோடு உட்கார்ந்து பார்த்து, உயிரணு, மூலக்கூறு, புரதம் என்று நம் வார்த்தையில் பேச ஒரு தாத்தாவோ பாட்டியோ அம்மாவோ இருந்தால் போதும். அறிவியல் தமிழ் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதம் ஒரு நாள் இப்படி ஒரு படத்தை ஓடவிட்டுத் தமிழில் விளக்கம் சொல்ல நான் தயாராக இருக்கிறேன். கூடத்தையும் ஒரு திரையையும் கொடுத்தால் போதும்.

தோசை என்று எழுதிய அந்த மாணவிக்குப் போட்ட பெருக்கல் குறியை இனி அழிக்க முடியாது. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. இந்த மலர் அவள் கண்ணில் பட்டால், அந்த அரை மதிப்பெண் உனக்குச் சேர வேண்டியதுதான் அம்மா என்று சொல்லிக்கொள்கிறேன்.